புதன் ஜெபம், சனி விசாரிப்பு: சிறிய ஐக்கியங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதினைந்து, இருபது பேர் மட்டுமே உள்ள ஒரு கிறிஸ்தவ ஐக்கியம் வாரத்தில் ஒரு நாள் வீட்டில் கூடி ஜெபிப்பதையும், தெருவில் தனித்து வாழும் முதியவர்களை இன்னொரு நாள் போய் நலம் விசாரிப்பதையும் ஒன்றோடொன்று பிணைத்து எப்படி நடத்துவது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். கடலூர் முதுநகர்ப் பக்கத்தில் எங்கள் ஐக்கியம் இதைச் செய்துவருகிறது. எங்களைப் பார்த்துத் தொடங்கிய மூன்று குழுக்களுக்கு உடனிருந்து உதவியிருக்கிறேன். அவற்றில் இரு குழுக்கள் மூன்று மாதத்துக்குள் நின்றுபோயின. ஆர்வத்துக்குக் குறைவில்லை, வரிசைதான் தவறியது. முதலில் பணம் சேர்த்தார்கள், பிறகு அரிசியும் போர்வையும் வாங்கினார்கள், அதற்குப் பிறகு யாருக்குக் கொடுப்பது என்று தேடினார்கள். கீழே உள்ள வரிசையில் பணம் ஆறாவதாகத்தான் வருகிறது.

1. தொடங்குமுன் இருக்க வேண்டியவை

ஆண்டு முழுவதும் வரக்கூடிய ஆறு பேர் வேண்டும். அவர்களில் நான்கு பேராவது பெண்களாக இருக்க வேண்டும். தனித்து வாழும் முதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதே எங்கள் தெருக்களின் நிலை. ஓர் ஆயா தன் வீட்டுக்குள் இரண்டு ஆண்களை உட்காரவைத்துவிட்டுத் தன் முழங்கால் வலியைச் சொல்ல மாட்டார், கழிவறையில் வழுக்கியதையும் சொல்ல மாட்டார்.

போதகரின் சம்மதத்தை வாய்மொழியாகவாவது பெற்றுக்கொள்ளுங்கள். "இவர்கள் யார், எதற்கு வருகிறார்கள்?" என்று தெருவில் யாராவது கேட்டால் அந்தக் கேள்வி முதலில் அவரிடம்தான் போகும். அவருக்கே தெரியவில்லை என்றால் சந்தேகம் ஒரு வாரத்தில் ஊரைச் சுற்றிவிடும். சபையின் பெண்கள் ஐக்கியம் ஏற்கெனவே எந்தெந்த வீடுகளுக்குப் போகிறது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் எனப்படும் அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களும், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையும் இல்லம் சந்திப்பதை வழக்கமாகக் கொண்டவை. ஒரே வீட்டுக்கு மூன்று குழுக்கள் போக, அடுத்த வீட்டுக்கு ஒருவரும் போகாத நிலையை நான் பார்த்திருக்கிறேன்.

நீளக் குறிப்பேடு இரண்டு வாங்குங்கள்: ஒன்று யாருக்காக, எதற்காக ஜெபிப்பது என்ற ஜெபக் குறிப்புகளுக்கு, மற்றொன்று விசாரிப்புக்கு. இரண்டாவதன் முதல் பக்கத்தில் ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

குழுவுக்குப் பெயர், பேனர், ஒரே நிறச் சட்டை ஆகியவை தேவையில்லை. பெயர் வைக்க உட்கார்ந்த ஒரு குழு, அந்தப் பெயரில் ஒற்று வர வேண்டுமா என்பதில் ஒரு மாலை முழுவதையும் செலவிட்டது.

2. முதலில் ஜெபக் கூட்டத்தை நேரத்துக்குள் கொண்டுவருதல்

விசாரிப்பைத் தொடங்குமுன் நான்கு வாரமாவது ஜெபக் கூட்டம் மட்டும் நடக்கட்டும். தவறாமல் வருகிறவர் யார், வாக்குறுதி மட்டும் கொடுக்கிறவர் யார் என்பது அதற்குள் தெரிந்துவிடும். அது தெரியாமல் ஒரு முதியவரிடம் "சனிக்கிழமை வருகிறோம்" என்று சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை போகாமல் இருந்தால், அவர் அன்று காலை முதல் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்.

எப்போது தொடங்குகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு போன்ற ஊர்களில் அந்த நாட்களில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கூட்டமும் நிறையும். மே மாதத்தில் வந்த தலைகளை எண்ணி ஆண்டு முழுமைக்கும் ஆள் கணக்குப் போட்டால் ஜூலையில் பாதிப் பேர்தான் இருப்பார்கள். விடியலுக்கு முன் கடலுக்குப் போகும் குடும்பங்கள் உள்ள இடத்தில் கூட்டம் மாலை 7 மணிக்குத் தொடங்கி 8 மணிக்கு முடிந்துவிட வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தை நாங்கள் இப்படிப் பிரிக்கிறோம். எல்லோருக்கும் மனப்பாடமான இரண்டு பாட்டுகளுக்குப் பத்து நிமிடம், வேதவாசிப்புக்கு ஐந்து நிமிடம், குறிப்பேட்டை வாசிக்கப் பதினைந்து நிமிடம், ஜெபத்துக்கு இருபது நிமிடம், சனிக்கிழமைத் திட்டத்துக்குப் பத்து நிமிடம். முடிவில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லி எழுகிறோம். திட்டத்தை ஜெபத்துக்குப் பின் வைத்ததற்குக் காரணம் உண்டு. அதை முன்னால் வைத்திருந்த நாட்களில் "யார் ஆட்டோவுக்குச் சொல்வது?" என்பதிலேயே அரை மணி நேரம் போய், ஜெபத்துக்குக் கொட்டாவியும் ஐந்து நிமிடமும் மிஞ்சின.

வேதவாசிப்புக்கு விளக்கம் வேண்டாம். பிரசங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. முதல் மாதத்தில் ஒரு முறை வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அன்றாட விசாரிப்பில் சில விதவைகள் விடுபட்டுப்போனதால் முறுமுறுப்பு எழுந்ததும், அந்தப் பொறுப்புக்கென்றே ஏழு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அதில் வருகின்றன. ஆறேழு பேருக்குப் பொறுப்பை ஒப்படைப்பது ஏன் என்று நீங்கள் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

வீடுவீடாகக் கூட்டம் மாறும்போது ஒரு விதியை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்: தேநீரும் பிஸ்கட்டும் மட்டும். இது அற்பமாகத் தோன்றும். முதல் வீட்டில் சுண்டல், அடுத்த வீட்டில் கேசரி, அதற்கடுத்த வீட்டில் இட்லி, வடை என்று ஏறிக்கொண்டே போய், நான்காவது வாரம் "எங்கள் வீட்டில் இடம் போதாது" என்று ஒரு குடும்பம் ஒதுங்கிக்கொண்டது. அந்த வீட்டில் இடம் இருந்தது. சிற்றுண்டிக்குக் காசுதான் இல்லை.

3. ஜெபக் குறிப்பேட்டை எழுதுதல்

ஜெபத்தையும் சேவையையும் இணைக்கும் கண்ணி இந்தக் குறிப்பேடுதான். இதைச் சரியாக எழுதத் தெரிந்த குழுவுக்கு, என்ன சேவை செய்வது என்று தனியாக யோசிக்க வேண்டிய நிலை வருவதில்லை.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு பொதுவாக எழுதுவது. "சுகம் கிடைக்க", "குடும்ப சமாதானத்துக்காக", "பொருளாதாரத் தேவை சந்திக்கப்பட" என்று பக்கம் நிரம்பிவிடும். அடுத்த வாரம் எடுத்துப் பார்த்தால் எது யாருக்கு என்று எழுதியவருக்கே தெரியாது. "அந்தோனியார் தெரு ஆயாவுக்குக் கண் சுகம்" என்று ஒருவர் சொன்னால், எழுதுகிறவர் மேலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எப்போது, என்ன தடை? அப்போதுதான் "தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் புரை அறுவைக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், உடன் போக ஆள் இல்லை, திரும்பி வந்தபின் சொட்டு மருந்து விடவும் ஆள் இல்லை" என்ற முழுச் செய்தி வெளிவரும். இப்படி எழுதப்பட்ட குறிப்பை வாசித்துவிட்டு ஜெபிக்க உட்கார்ந்தால், ஜெபம் முடிவதற்குள் "வெள்ளிக்கிழமை நான் போகிறேன்" என்று யாராவது சொல்வார்கள். எங்கள் விசாரிப்புப் பணி தொடங்கியதே இப்படித்தான்.

ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி, பெயர், கேட்டது என்ன, சொன்னவர் யார், வெளியே சொல்லச் சம்மதம் உண்டா, முடிவு என்ன ஆகியவற்றுக்குக் கட்டம் போடுங்கள். சம்மதக் கட்டத்தை விட்டுவிட்டதால் நாங்கள் பட்ட பாடு இது. ஒரு தாய் தன் மகளின் மணவாழ்க்கையைப் பற்றி அழுதுகொண்டே சொன்னதை, எங்களில் ஒருவர் நல்லெண்ணத்தோடு வாட்ஸ்அப்பில் "அவசர ஜெபக் குறிப்பு" என்று பத்துப் பேருக்கு அனுப்பினார். இரவுக்குள் அது மகளின் மாமியார் வீட்டுத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தாய் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. நாங்கள் இரண்டு முறை போய் மன்னிப்புக் கேட்டும் கதவருகிலேயே நின்று பேசி அனுப்பிவிட்டார். அன்று முதல் ஜெபக் குறிப்பு எதுவும் எங்களிடையே கைப்பேசியில் போவதில்லை. நோய், கடன், மணமுறிவு, குடி ஆகியவற்றைப் பெயர் சொல்லாமல் "ஒரு சகோதரிக்காக" என்று மட்டும் வாசிக்கிறோம்.

ஜெபிக்கும்போது ஒருவருக்கு ஒரு பெயர், ஒரு நிமிடம் என்று பிரித்துக் கொடுங்கள். எந்தக் குழுவிலும் பத்து நிமிடம் ஜெபிக்கும் ஓர் ஐயா இருப்பார். அவரை நிறுத்துவது மரியாதைக் குறைவாகிவிடும், விட்டுவிட்டால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். பெயரைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் அந்த ஐயாவும் தன் பெயரோடு முடித்துக்கொள்வார். எழுத்துத் தெரியாத அம்மாமார்களுக்கு நாள், இடம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள்தான் அடுத்த வாரம் வரை மறக்காமல் வைத்திருப்பவர்கள்.

முடிவுக் கட்டத்தை ஆறு வாரத்துக்கு ஒரு முறை வாசியுங்கள். அறுவை நல்லபடியாக முடிந்திருந்தால் ஸ்தோத்திரம் சொல்லிக் கோடு போடுங்கள். ஒன்றும் மாறாதிருந்தால், "இதைத் தொடரலாமா, வேறு விதமாகக் கேட்கலாமா?" என்று சொன்னவரிடமே கேளுங்கள். இறந்துபோனவரின் பெயரில் சுகத்துக்காக ஜெபித்த சங்கடம் எங்களுக்கு ஒரு முறை நேர்ந்தது. அவருடைய மகன் அன்று அங்கே உட்கார்ந்திருந்தார்.

4. வீடுகளைத் தேர்ந்தெடுத்தல்

ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஆறு வீடுகள் போதும். இருவர் இருவராகப் போனால் மூன்று இணைகள். ஒவ்வோர் இணைக்கும் சனிக்கிழமைக்கு இரண்டு வீடுகள். ஒரு வீட்டில் அரை மணி நேரம், நடந்துபோக நேரம், திரும்பி வந்து எழுத நேரம் என்று பார்த்தால் ஒரு காலைப்பொழுது முடிந்துவிடும். பதினைந்து வீடுகளோடு தொடங்கிய குழு இரண்டாம் மாதத்தில் வாசலிலேயே நின்று "நல்லா இருக்கீங்களா ஆயா?" என்று கேட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஜெபக் குறிப்பேட்டில் மூன்று முறைக்கு மேல் வந்த பெயர்களிலிருந்து தேர்ந்தெடுங்கள். அதோடு, பால்காரரிடமும் தெருமுனைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். யார் வீட்டில் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடக்கிறது, யார் ஒரு வாரமாகக் கடைக்கு வரவில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

சபையைச் சேராத முதியவர்களும் இந்தப் பட்டியலில் வருவார்கள், வர வேண்டும். பக்கத்து வீட்டு இந்துப் பாட்டியைத் தாண்டிக்கொண்டு கிறிஸ்தவ ஆயா வீட்டுக்கு மட்டும் போவது தெருவில் நன்றாக இராது, நமக்கும் நன்றாக இராது. அவர்கள் வீட்டுக்குப் போகும்போது கைப்பிரதி, வசன அட்டை, நாட்காட்டி எதையும் எடுத்துப் போகாதீர்கள். ஜெபிக்கட்டுமா என்று நாமாகக் கேட்க வேண்டாம். அவர்களாகக் கேட்டால் சுருக்கமாக ஜெபிக்கலாம். உதவியோடு சேர்த்து மதத்தைக் கொடுத்தால் "வேண்டாம்" என்று மறுக்கும் உரிமையை வறியவரிடமிருந்து பறிக்கிறோம் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் குழுவிலேயே இதை ஏற்காதவர்கள் இருந்தார்கள். அவர்களோடு இரண்டு மாதம் பேசி முடித்த பிறகே பட்டியலை விரித்தோம். நீங்களும் அந்தப் பேச்சை முதலிலேயே முடித்துவிடுங்கள். முதியவரின் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பேசும் பேச்சு அது இல்லை.

பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் அவர்களுக்கு ஒரு முறை தொலைபேசியில் தெரிவியுங்கள். சொல்லாமல் போனால், "என் அம்மாவை நாங்கள் பார்க்கவில்லை என்று ஊருக்குச் சொல்கிறீர்களா?" என்ற கோபம் வரும், அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு.

5. முதல் விசாரிப்பு

முதல் முறை வெறுங்கையோடு போங்கள். பையோடு போனால் இரண்டாம் முறை எதிர்பார்க்கப்படுவது நீங்களாக இராது, பைதான். அதோடு, என்ன தேவை என்று தெரியாமல் கொண்டுபோகும் பொருள் பெரும்பாலும் வீண். சர்க்கரை நோய் உள்ளவர் வீட்டு அலமாரியில் நான்கு ஹார்லிக்ஸ் பாட்டில்கள் பிரிக்கப்படாமல் இருந்ததை நான் எண்ணியிருக்கிறேன்.

முதியவர் கட்டிலில் இருந்தால் அவர் கண் மட்டத்துக்கு வரும்படி உட்காருங்கள். நின்றுகொண்டு பேசினால் அவர் அண்ணாந்து பார்த்தே களைத்துப்போவார். பேச்சை அவர் போக்கில் விடுங்கள். காதால் பேச்சைக் கேட்டுக்கொண்டே கண்ணால் வீட்டைப் பாருங்கள்: குடிநீர்க் குடம் அவர் கைக்கு எட்டுகிறதா, இரவில் எழுந்தால் விளக்கின் சுவிட்ச் எங்கே, குளியலறைத் தரை வழுக்குகிறதா, மாத்திரைகள் எதில் கிடக்கின்றன. இவற்றை அங்கேயே எழுதாதீர்கள். தன் வீட்டைப் பார்த்து யாரோ குறிப்பெடுப்பது எவருக்கும் பிடிக்காது. வெளியே வந்து தெருமுனையில் நின்று எழுதுங்கள்; வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் பாதி மறந்துவிடும்.

மாத்திரை விஷயத்தில் எல்லை தெளிவாக இருக்கட்டும். எந்த மாத்திரையையும் நிறுத்தவோ, கூட்டவோ, வேறொன்றைக் கொடுக்கவோ நமக்கு அதிகாரம் இல்லை. காலை, இரவு என்று தனித்தனி டப்பாவில் பிரித்துவைத்து, காலாவதியான அட்டையைக் காட்டிக்கொடுத்து, தீர்ந்துபோகும் தேதியை ஏட்டில் குறித்துக்கொள்வதே நம் வேலை. "ஜெபித்துவிட்டோம், இனி மாத்திரை வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அவரை அந்த வாரமே விசாரிப்புப் பணியிலிருந்து நிறுத்திவையுங்கள். இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

இரண்டு அவசர நிலைகளை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை இறங்கியிருக்கக்கூடும். நினைவு இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். கீழே விழுந்துகிடப்பவரை உடனே தூக்கி நிறுத்தவும் கூடாது. இடுப்பு வலிக்கிறது, கால் அசைக்க முடியவில்லை என்றால் எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் கிடந்தபடியே இருக்கவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருங்கள்.

முதியவர் கிறிஸ்தவ விசுவாசியாக இருந்தால் கிளம்பும்போது "ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்டு, சரி என்றால் இரண்டு நிமிடம், தாழ்ந்த குரலில். அவருக்குத் தெரிந்த பழைய ஞானப்பாட்டின் ஓர் அடியைத் தொடங்கினால், நினைவு மங்கியவர்கள்கூட மீதியைப் பாடுவதைக் காண்பீர்கள். தலையில் கைவைப்பதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய குறைகளை அவர் முன்னால் ஜெபமாக அடுக்காதீர்கள். "இந்தத் தாயாரைப் பிள்ளைகள் கைவிட்டாலும்" என்று ஒருவர் தொடங்கியபோது அந்த அம்மா கண்ணைத் திறந்து, "என் பிள்ளை கைவிடலப்பா, துபாயில வேலை பாக்குறான்" என்றார்.

6. பணத்தைக் கையாளுதல்

ஆறு வீடுகளையும் ஒரு மாதம் விசாரித்த பிறகு, பணம் தேவைப்படும் இடங்கள் ஏட்டிலிருந்தே தெரியும். பெரும்பாலும் அவை சிறு தொகைகள்: ஆட்டோ கட்டணம், கைப்பிடிக் கம்பி, எல்.இ.டி. விளக்கு, மூக்குக் கண்ணாடிக்குப் புதிய பிரேம். ஜெபக் கூட்டத்தில் தனியாக ஒரு உண்டியல் வையுங்கள். சபைக் காணிக்கையோடு கலக்காதீர்கள். இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, செலவுச் சீட்டை ஏட்டிலேயே ஒட்டுங்கள். கணக்கை மாதம் ஒரு முறை வாசியுங்கள், ஆனால் பெற்றவரின் பெயரை வாசிக்காதீர்கள். "கைப்பிடிக் கம்பி, ஒரு வீடு" என்றால் போதும்.

கடன் கொடுக்காதீர்கள். திருப்பித் தர முடியாதவர் கதவைத் திறக்கக் கூசுவார். அந்த வீட்டை நீங்கள் இழந்துவிடுவீர்கள். முதியவரின் ஏ.டி.எம். அட்டையையும் பின் எண்ணையும் வாங்காதீர்கள், அவரே வற்புறுத்தினாலும் சரி. அவரை ஆட்டோவில் வங்கிக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். பணத்தை அவரே எடுக்கட்டும், அவரே எண்ணட்டும்.

புதுச்சேரிப் பக்கத்துக் குழுக்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே பல குடும்பங்களில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள உறவினர்கள் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது மனமுவந்து கொடுப்பார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் குழுவுக்கோ சபைக்கோ தரும் பணம் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு அதை வாங்கக் கூடாது. நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். சனிக்கிழமை விசாரிப்புக்கு உடன் வரச் சொல்லி அழையுங்கள், வந்தவர்கள் இருக்கிறார்கள்.

7. அரசு வழியில் கிடைப்பதை முதலில் பெறச்செய்தல்

சிறிய குழுவின் பணம் சீக்கிரம் தீரும். ஆகவே ஒரு வீட்டுக்கு எதையும் வாங்கித் தருவதற்கு முன், அது அரசு வழியில் கிடைக்குமா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023-இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் மிக மூத்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருட்களை வாசலில் கொண்டுவந்து தருவதற்கானது. தகுதி விதிகள் மாறிக்கொண்டிருப்பவை. கிராம நிர்வாக அலுவலரிடமோ ரேஷன் கடையிலோ அவ்வப்போது கேட்டு உறுதி செய்யுங்கள்.

முள்ளோடை எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அங்கே திட்டங்களும் தொகைகளும் வேறு. ஒரே சபைக்கு வரும் இரண்டு முதியவர்கள் எல்லையின் இருபுறமும் வாழலாம். ஆதார், குடும்ப அட்டை இரண்டிலும் உள்ள முகவரியைப் பார்க்காமல் "உங்களுக்கும் கிடைக்கும் ஆயா" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதை அவர் மறக்கவே மாட்டார்.

8. அக்டோபரில் செய்துமுடிக்க வேண்டியவை

எங்கள் ஊரில் வடகிழக்குப் பருவமழையை ஒதுக்கிவிட்டு எந்தச் சேவையையும் திட்டமிட முடியாது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று இந்தக் கரையில்தான் ஏறியது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கடலூருக்குப் பெரிய அடி அதற்கும் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது: சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருகிக் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. புயல் போய்விட்டது என்று முதியவர்களை உடனே வீட்டில் கொண்டுபோய் விடக் கூடாது என்பதை அந்த வாரம் எங்களுக்குக் கற்பித்தது. தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு ஆகியவற்றின் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு, அணை நீர் வடிந்துவிட்டது என்று அதிகாரிகள் சொன்ன பிறகே திரும்பும் நாள்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை ஒவ்வொரு வீட்டிலும் மூன்று வேலைகளை முடித்துவிடுகிறோம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றை நீர் புகாத உறையில் போட்டு, தரையில் இருக்கும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து உயரமான ஆணியில் மாட்டுகிறோம். ஒரு வாரத்துக்கான மாத்திரையைத் தனிப் பொட்டலமாக அதே உறையில் வைக்கிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் யார் வீட்டுக்குப் போவது என்பதை முதியவரிடமே கேட்டு எழுதுகிறோம்.

கடைசி வேலைதான் கடினமானது. பலர் "நான் எங்கேயும் வர மாட்டேன், இந்த வீட்டிலேயே போகிறேன்" என்பார்கள். புயல் வரும் இரவில் போய் வாதாடுவது வீண். தூக்கிக்கொண்டு போவது அவமதிப்பு. அக்டோபரிலேயே, வெயில் காயும் ஒரு நாளில், போகவிருக்கும் வீட்டுக்கு அவரை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போங்கள். படுக்கப்போகும் இடத்தையும் கழிவறையையும் அவர் கண்ணால் பார்த்துவிட்டால் நவம்பரில் வாதம் பாதியாகக் குறையும். ஆடு, கோழி வைத்திருப்பவருக்கு அவற்றுக்கும் இடம் சொல்ல வேண்டும். ஒரு தாத்தா தன் இரண்டு ஆடுகளுக்கு இடம் பார்த்துக் கொடுத்த பிறகே அசைந்தார்.

புயல் வாரத்தில் புதன் கூட்டத்தை நிறுத்தாதீர்கள், சுருக்குங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பதினைந்து நிமிடம்: ஆறு பெயர்கள், ஆறு ஜெபங்கள், யார் எங்கே இருக்கிறார் என்ற கணக்கு. அன்று யாரும் பத்து நிமிடம் ஜெபிப்பதில்லை.

9. விசாரிப்பை முடித்தலும் கைமாற்றுதலும்

ஒரு வீட்டை நிறுத்த வேண்டிய காரணங்கள் மூன்று: மகனோ மகளோ அழைத்துப்போய்விட்டார், முதியவர் இனி வேண்டாம் என்கிறார், அல்லது இறந்துவிட்டார். முதல் இரண்டில் கடைசியாக ஒரு முறை இணையாகப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் நிறுத்துவது, வேண்டாம் என்றவருக்குக்கூட வலிக்கும்.

இறப்பு நேர்ந்தால் குழுவின் வேலை அடக்கத்தோடு முடிவதில்லை. அடக்கத்தன்று கூட்டம் இருக்கும், ஆள் இருக்கும். பத்து நாள் கழித்துத்தான் வீடு காலியாகும். கூடவே வாழ்ந்த கணவனோ தங்கையோ இருந்தால் அந்தப் பத்தாம் நாளுக்குப் பிறகு நான்கு சனிக்கிழமையாவது போங்கள். இறந்தவரின் பெயரை ஏட்டில் அடிக்காமல், தேதியைப் பக்கத்தில் எழுதி, அடுத்த புதன்கிழமை அந்தக் குடும்பத்துக்காக ஜெபித்து முடியுங்கள். அதன் பிறகே புதிய வீட்டைச் சேருங்கள். காலி இடத்தை அதே வாரம் நிரப்பினால் விசாரித்துவந்த இருவருக்கும் மூச்சுவிட நேரம் இராது.

விசாரிக்கிறவர்களும் களைத்துப்போவார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இணைகளை மாற்றுங்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும். இருவரையும் சேர்த்து மாற்றினால் முதியவருக்கு அது அந்நியர் வருவது போலத்தான். புதியவர் இரண்டு சனிக்கிழமைகள் பழைய இணையோடு மூன்றாவது ஆளாகப் போக வேண்டும். கைமாற்றும் நாளில் ஏட்டோடு சேர்த்து வாயால் சொல்ல வேண்டியவை சில உண்டு: எந்த ஆயாவுக்கு இடது காது கேட்காது, யார் வீட்டுக் கதவைத் தட்டாமல் கொல்லைப்புறமாகக் கூப்பிட வேண்டும், எந்தத் தாத்தாவிடம் அவருடைய மூத்த மகனைப் பற்றிக் கேட்கக் கூடாது. இவற்றை நாங்கள் ஏட்டில் எழுதுவதில்லை. ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் நின்று, உள்ளே போகுமுன், புதியவரின் காதில் சொல்கிறோம்.